சோனிக்கு முப்பது டிகிரி

கண்ணுக்குத் தெரியாத சரக்கை விற்கிற தொழிலில் வாய்தான் மூலதனம், மற்றதெல்லாம் அப்புறம். நான் திருச்சி மன்னார்புரத்தில் லேப் சாமான் ஏஜென்சி நடத்துகிறேன். பீக்கர், ஆசிட், அகார், என்சைம், மைக்ராஸ்கோப், எது கேட்டாலும் வரும். பத்தாவதோடு படிப்பு முடிந்தது. சத்திரம் பேருந்து நிலையம் பக்கம் ஒரு கண்ணாடிச் சாமான் கடையில் பீக்கரை வைக்கோலில் சுற்றிக் கொடுக்கிற வேலை. அங்கே உடைத்த பீக்கரும் அதற்கு வாங்கின வசவும்தான் எனக்குக் காலேஜ். கோபம் கொஞ்சம் ஜாஸ்தி என்பார்கள். பேரம் பேசுகிறவளுக்குக் கோபம் வராவிட்டால் கடையை மூட வேண்டியதுதான்.

படித்தவர்களுக்குச் சாமான் விற்றுப் பிழைக்கிற சக பாவிகளே, போன கோடையில் எனக்கு நடந்ததெல்லாம் உங்களுக்கும் நடந்திருக்கும். நடக்கவில்லை என்றால் கொஞ்சம் பொறுங்கள்.

புகையும் பார்சல்

என்சைம் சூடு தாங்காது. அதனால் சென்னையிலிருந்து வரும்போது தெர்மோகோல் பெட்டியில், உலர் பனிக்கட்டிக்குள் புதைந்து, பஸ்ஸில் வரும். உலர் பனிக்கட்டி உருகாது, புகையும். போன வருஷம் ஒரு காலையில் என் சர்வீஸ் மெக்கானிக் பாஸ்கர் போன் பண்ணி, "மேடம், நம்ம பார்சலால பஸ் சமயபுரத்துல நிக்குது" என்றான். ஸ்கூட்டரை முறுக்கிக்கொண்டு போனேன். பயணிகள் எல்லாரும் ரோட்டோரம் நிற்கிறார்கள். பெட்டியிலிருந்து புகை வருகிறதே என்று கண்டக்டர் ஒரு பாட்டில் தண்ணீரை அதன் மேல் கவிழ்த்திருக்கிறார். உலர் பனிக்கட்டியில் தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். பொங்கல் பானை மாதிரி பொங்கி, பஸ் முழுக்கப் புகை மண்டலம்.

நான் எல்லார் எதிரிலும் பெட்டியைத் திறந்து, அடியில் கிடந்த சின்னப் பிளாஸ்டிக் குப்பியை எடுத்துக் காட்டினேன். உள்ளே ஒரு சொட்டு. ஜீன் துண்டுகளை ஒட்ட வைக்கிற என்சைம். ரஹிமா என்று ஒரு பெண், பெரிய கடை வீதியில் துணிக்கடை வைத்திருப்பவர் மகள், காலேஜில் பாக்டீரியாவை வைத்து பிஎச்.டி. பண்ணுகிறாள், அவளுக்காக வந்தது. கண்டக்டர் அந்தச் சொட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏங்க்கா, இந்தப் புகைக்கு உள்ள ஒரு அரசியல்வாதியாவது இருப்பாருன்னு நெனச்சேன்."

பேரத்தில் போன தெர்மாமீட்டர்

ரஹிமாவின் கைடு வரதராஜன் சார் ஸ்ரீரங்கத்துக்காரர். நெற்றியில் திருமண் இல்லாமல் லேபுக்குள் நுழைய மாட்டார், தள்ளுபடி இல்லாமல் பில்லில் கையெழுத்துப் போட மாட்டார். ஜனவரியில் இன்குபேட்டர் ஒன்று கேட்டார். பாக்டீரியாவை வைத்து வளர்க்கிற பெட்டி. குமிழைத் திருப்பி எந்த டிகிரியில் வைக்கிறோமோ அந்தச் சூட்டுக்கு ஏற்றிக்கொடுக்கும்; சிவப்பு விளக்கு எரிந்தால் சூடாகிறது, அணைந்தால் சூடு வந்துவிட்டது என்று அர்த்தம். நான் ஒரு விலை சொன்னேன். அவர் கண்ணை மூடி, "பெருமாள் மேல பாரத்தைப் போட்டுச் சொல்லுங்கோ" என்றார். பெருமாள் மேல் போட்டும் நான் இறங்கவில்லை.

ஒரு மணி நேரம் இழுபறி. காபி வந்தது, ஆறியது, மறுபடி வந்தது. கடைசியில் எனக்குச் சுர்ரென்று ஏறி, "சரி சார், மேல செருகற தெர்மாமீட்டரைக் கழிச்சுக்கறேன், அந்த விலைக்கு எடுத்துக்குங்க" என்றேன். அவருக்குப் பரம சந்தோஷம். எனக்கும்தான், அசல் விலையில் ஒரு பைசா விட்டுக்கொடுக்கவில்லை. தெர்மாமீட்டர் செருகுகிற ஓட்டையில் பாஸ்கர் பஞ்சை அடைத்தான். சுவருக்கும் டீப் ஃப்ரீசருக்கும் நடுவில் ஒரு கைப்பிடி இடம் இருந்தது, அங்கே இதைத் தள்ளி நிறுத்தினோம். வரதராஜன் சார் பெட்டியைத் தட்டிப் பார்த்துச் சொன்னார்: "குமிழ்லதான் நம்பர் போட்டிருக்கே, அப்புறம் எதுக்கு கலா மேடம் தெர்மாமீட்டர், ரெண்டு கடிகாரம் கட்டிண்ட மாதிரி."

அகார் மேல் பழி

ஏப்ரல் கடைசியில் ரஹிமா போன் பண்ணினாள். "கலாக்கா, உங்க அகார்ல ஏதோ கோளாறு. சோனி செத்துப் போகுது." சோனி அவள் வளர்க்கிற பாக்டீரியா, அகார் அது வளர ப்ளேட்டில் ஊற்றுகிற பாசிக் கூழ். என் அகாரைக் குறை சொன்னால் எனக்குப் பெற்ற பிள்ளையைச் சொன்ன மாதிரி. அதே டப்பாவைத் தூக்கிக்கொண்டு சண்டைக்குப் போனேன். லேப் மூன்றாவது மாடி, மேலே மொட்டை மாடி. படி ஏறி முடித்ததும் சண்டை போட மூச்சு இல்லை. அவள் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, தண்ணீர் கொடுத்து, பாடம் எடுத்தாள். பாக்டீரியாவின் தோல் ஒரு வகைக் கொழுப்பாம், பாஸ்போலிப்பிட் என்று பேர். ஒவ்வொன்றுக்கும் தண்ணீரோடு ஒட்டுகிற ஒரு தலை, தண்ணீரைக் கண்டால் ஒதுங்குகிற இரண்டு வால். இதைச் செய்யக் கல்யாண சமையல்கட்டு மாதிரி உள்ளே என்சைம்கள் வரிசையாக நிற்கின்றன. ஒருத்தன் ஒரு வாலை ஒட்டுவான், அடுத்தவன் இன்னொரு வாலை. மூன்றாமவன் பிடி மாட்டுவான். நாலாமவன் பிடியைக் கழற்றிவிட்டு செரின் என்கிற தலையை வைப்பான். ஐந்தாமவன் அந்தத் தலையில் ஒரு துண்டை நறுக்கிவிட்டுப் பந்திக்கு அனுப்புவான்.

ரஹிமாவின் பாக்டீரியாவில் அந்த நாலாமவன் பிறவியிலேயே நோஞ்சான். முப்பது டிகிரியில் தட்டுத்தடுமாறி வேலை பார்ப்பான், நாற்பத்திரண்டில் சுருண்டு விழுந்துவிடுவான். தோல் செய்ய ஆள் இல்லாமல் பாக்டீரியா சாகும். அதற்குச் சோனி என்று பேர் வைத்தது நான்தான். லால்குடி வயல் சேற்றிலிருந்து வேறொரு பாக்டீரியாவைப் பிடித்து, அதன் நாலாமவனுக்கான ஜீனை வெட்டி, சோனிக்குள் ஒட்டியிருந்தாள். அது லால்குடிக்காரன். முப்பதில் இரண்டும் பிழைக்க வேண்டும். நாற்பத்திரண்டில் லால்குடிக்காரன் மட்டும் பிழைக்க வேண்டும். அப்படி நடந்தால் சேற்று என்சைம் அந்த வேலையைத்தான் செய்கிறது என்று நிரூபணம், தீசிஸ் முடிந்தது. மே கடைசிக்குள் கொடுக்க வேண்டும். யுனிவர்சிட்டி கொடுத்த கடைசி நீட்டிப்பு அது. தவறினால் பதிவே ரத்து, இத்தனை வருஷப் பாடும் போச்சு.

இந்த நேரத்தில்தான் சோனி முப்பதிலேயே செத்துக்கொண்டிருந்தது. நான் ப்ளேட்டை வாங்கிப் பார்த்தேன். சோனி பூசின பாதி வழித்துவிட்ட மாதிரி காலி, மறு பாதியில் லால்குடிக்காரன் கொழுகொழுவென்று. "என் அகார்ல இவன் மட்டும் எப்படிம்மா வளந்தான்?" என்று மடக்கினேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "அதான்க்கா பயமா இருக்கு, இவன் லால்குடிக்காரனே இல்ல, வேற ஏதோ திடமான கிருமியைத் தெரியாம உள்ள கலந்துட்டேன்னு சார் நெனைக்கிறாரு."

பாஸ்கர் கொடுத்த சர்டிபிகேட்

அகார் தப்பில்லை என்றதும் சந்தேகம் பெட்டி மேல் போனது. அதுவும் நான் விற்றதுதான். பாஸ்கரைக் கூட்டிக்கொண்டு போனேன். அவன் பின்பக்கத்தைக் கழற்றி, ஒயரை ஆட்டி, ஃபேனைச் சுற்றி, குமிழை ஐம்பதுக்குத் திருப்பினான். சிவப்பு விளக்கு எரிந்தது. முப்பதுக்கு இறக்கினான். அணைந்தது. மறுபடி ஐம்பது, எரிந்தது. மறுபடி முப்பது, அணைந்தது. கோயில் மணியை ஆட்டிப் பார்த்த திருப்தி அவன் முகத்தில். நான், ரஹிமா, வரதராஜன் சார் மூன்று பேரும் தலையாட்டினோம். டீப் ஃப்ரீசரின் முதுகு அந்தப் பெட்டி மேல் புஸ்ஸென்று அனலை ஊதிக்கொண்டிருந்தது. ஜன்னலைத் திறந்தால் தூசி என்று சாத்தி வைத்திருந்தார்கள். எல்லார் முகத்திலும் வேர்வை வழிந்தது, யாருக்கும் எதுவும் உறைக்கவில்லை.

பாஸ்கர் ஸ்க்ரூவை முடுக்கிக்கொண்டே தீர்ப்புச் சொன்னான். "பெட்டி குத்துக்கல் மாதிரி இருக்கு மேடம், வெளக்கே எரியல பாருங்க, அவ்வளவு கரெக்டா முப்பதுல நிக்குது."

பஞ்சை எடுத்த கை

மே முதல் வாரம் ரஹிமா கடைக்கு வந்து ஒரு தெர்மாமீட்டர் வாங்கிக்கொண்டு போனாள். வெந்நீர்த் தொட்டிக்கு வேண்டும் என்றாள். பேரம் பேசவில்லை. பாதி நம்பிக்கை போனவர்கள்தான் அப்படி வாங்குவார்கள். லேபுக்குப் போனவள் தொட்டிப் பக்கம் போகும் வழியில் என்ன தோன்றியதோ, பெட்டி மேல் இருந்த பஞ்சைப் பிடுங்கிவிட்டுத் தெர்மாமீட்டரைச் செருகியிருக்கிறாள். குமிழ் முப்பதில் நிற்கிறது. பாதரசம் நாற்பத்தொன்றில் நிற்கிறது. எனக்குப் போன் வந்தது, போனேன். சூடாக்குகிற பெட்டிக்குச் சூடாக்கத்தான் தெரியும். ஜனவரியில் அறை குளிர்ந்து கிடந்தது, அது ஏற்றி முப்பதுக்குக் கொண்டுவந்தது. மே மாசம் மொட்டை மாடிக்குக் கீழே, ஃப்ரீசரின் அனலில், அதற்கு ஒரு வேலையும் இல்லை. விளக்கை அணைத்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தது. குளிர வைக்கிற பெட்டி வேறு ஜாதி, விலையும் வேறு.

நான் கத்த ஆரம்பிக்குமுன் ரஹிமா தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். போனை எடுத்துத் தூக்கிப்போட்ட ப்ளேட்டுகளின் போட்டோவை ஒவ்வொன்றாகத் தள்ளினாள். எல்லாவற்றிலும் சோனி காலி, லால்குடிக்காரன் கொழுகொழு. "அக்கா, நாப்பத்தொண்ணுல சோனி செத்து, இவன் பொழைச்சிருக்கான். இதைத்தானே நிரூபிக்கணும்னு வருஷக்கணக்கா அலைஞ்சேன். தெனமும் வந்துட்டே இருந்திருக்கு, தெனமும் குப்பையில போட்டிருக்கேன்." நாற்பத்திரண்டில் முறைப்படி மறுபடி செய்ய அந்தப் பெட்டியே போதும், ஏற்றுகிற வேலைக்கு அது ராஜா. பாக்கி ஒன்றே ஒன்று: நிஜமான முப்பதில் சோனி உயிரோடு நிற்கிற ஒரு ப்ளேட். அது இல்லாவிட்டால் சோனி ஸ்டாக்கிலேயே செத்த கிருமி என்று பரீட்சகர் ஒரே வரியில் அடித்துவிடுவார். வரதராஜன் சார் குமிழைத் தட்டிப் பார்த்தார். "பெட்டி முப்பதுன்னுதான் சொல்லிண்டிருக்கு, திருச்சிக்குத்தான் காதுல விழலை."

ஊருக்குள் ஒரு முப்பது

குளிர வைக்கிற பெட்டி வாங்கக் காலேஜில் மூன்று கொட்டேஷன், ஒரு கமிட்டி, அதற்குள் தீபாவளி வந்துவிடும். தெர்மாமீட்டரைக் கைப்பையில் போட்டுக்கொண்டு நானும் பாஸ்கரும் ஊரில் முப்பது டிகிரி தேடினோம். பாஸ்கர் ஏ.டி.எம். என்றான், உள்ளே ஏ.சி. செத்து மாசமாகிறது. நகைக்கடையில் வளையல் பார்ப்பது மாதிரி நின்று தெர்மாமீட்டரை எடுத்தேன், இருபத்திரண்டு. அதற்குள் வாட்ச்மேன் வந்து, கையில் என்னவென்று கேட்டு, என்னை மேலும் கீழும் பார்த்தான். அவனுக்கு நான் கொடுத்த பதிலை இங்கே எழுதினால் அச்சடிக்க மாட்டார்கள்.

கடைசியில் ஸ்ரீரங்கத்தில் இட்லி மாவு அரைத்து ஊர் முழுக்கப் போடுகிற ஒருவரின் அறை. வெயிலில் மாவு புளித்துப் பொங்கிவிடக் கூடாது என்று ஏ.சி. போட்டு, நாள் முழுக்க ஒரே சூட்டில் வைத்திருக்கிறார். தெர்மாமீட்டர் மெதுவாக ஏறி முப்பதில் நின்றது. கரண்டு போனால் ஜெனரேட்டர். ஒரு மூலையில் ஒரு சின்ன டப்பா வைக்க இடம் கேட்டு, பேசிப் படிய வைத்து, வெற்றியோடு ரஹிமாவுக்குப் போன் போட்டேன். "அக்கா, சோனி சாது இனம்தான், ஆனா ஜாதி ஈ.கோலை, குடல் கிருமி, ப்ளேட் லேபை விட்டு வெளிய போகவே கூடாது, நீங்க அதை மாவு மேல வைக்கப் போறீங்களா?"

லால்குடி பஞ்சாயத்து

ப்ளேட் வெளியே போகக் கூடாது என்றால் பெட்டி உள்ளே வர வேண்டும். என் குடோனில் குளிர வைக்கிற பெட்டி ஒன்று இருந்தது, ஆனால் விற்றாகிவிட்டது. லால்குடியில் பால் பண்ணை வைத்திருக்கும் தங்கவேலு அண்ணன் பால் டெஸ்டுக்காக வாங்கியது. வியாழக்கிழமை நல்ல நேரம் குறித்து, மாலை சொல்லி, சம்பந்தி வீட்டையெல்லாம் அழைத்து வைத்திருந்தார். நேரில் போய், திங்கள்கிழமை தருகிறேன் என்றேன். ஏன் என்றார். மறைத்துப் பேச எனக்கு வராது, சொல்லிவிட்டேன். அவர் பால் கேனை இறக்கி வைத்தார். "ஏம்மா கலா, அந்தக் கிருமி என் பால்ல இல்லைன்னு காட்டத்தான் பெட்டி வாங்குறேன். நீங்க அதையே உள்ள குடி வச்சு அனுப்புவீங்களா?"

ஸ்பிரிட் போட்டுத் துடைத்துத் தருகிறேன் என்றேன். முடியாது என்றார். ஒரு பிள்ளையின் படிப்பு என்றேன். அவர் பிள்ளையே படிக்கவில்லை என்றார். எனக்குக் கோபம் தலைக்கேறி, "உங்க ஊரு சேத்துலேர்ந்து எடுத்த சரக்குக்குத்தான் அண்ணே நான் உங்க கால்ல விழுந்துட்டிருக்கேன்" என்று கத்திவிட்டேன். அவர் நிமிர்ந்தார். எந்த வயல் என்றார். ரஹிமாவுக்குப் போன் போட்டு அவரிடம் கொடுத்தேன். பூவாளூர் பக்கம், வாய்க்கால் கரையை ஒட்டி, நடவு முடிந்த வயல் என்று அவள் சொல்லச் சொல்ல, அது தன் மச்சினன் வயலாக இருக்கலாம் என்ற முடிவுக்கு வந்துவிட்டார். நான் கேட்டதற்கெல்லாம் தலையாட்டினார், கடைசியில் என் கையைப் பிடித்து நிறுத்தினார். "நம்ம சேறு டாக்டர் பட்டம் வாங்குதுன்னா நாலு நாள் பொறுத்துக்கறேன்மா, ஆனா ஒரு வருஷ சர்வீஸ் இனாம்."

கிருமிக்கு ஏ.சி.

பெட்டியை மூன்றாவது மாடிக்கு ஏற்றினோம். நாற்பத்திரண்டு டிகிரிக்கான ப்ளேட் பழைய பெட்டியில், முப்பது டிகிரிக்கானது புதுப் பெட்டியில். இந்தத் தடவை இரண்டுக்கும் தெர்மாமீட்டர். மறுநாள் காலை பார்த்தால் பழைய பெட்டியில் லால்குடிக்காரன் மட்டும் ஜம்மென்று. புதுப் பெட்டியில் அவன் வந்துவிட்டான், சோனி பக்கம் இன்னும் காலி. சோனி மெதுவாகத்தான் வரும், இன்னொரு நாள் வேண்டும் என்றாள் ரஹிமா. அப்போதுதான் பியூன் வந்து, இன்றைக்கு மின்வாரியப் பராமரிப்பு, சாயங்காலம் வரை கரண்டு இல்லை என்றார். சொல்லி வாய் மூடவில்லை, ஃபேன் நின்றது. காலேஜ் ஜெனரேட்டர் கிழவன் மாதிரி. பிரின்சிபால் அறை ஏ.சி.யைத் தாங்கும், அல்லது எங்கள் பெட்டியைத் தாங்கும். இரண்டையும் தாங்காது. பிரின்சிபால் அறை நேர் கீழே.

மூன்று பேரும் இறங்கினோம். வரதராஜன் சார் "அடியேன் விஞ்ஞாபனம்" என்று ஆரம்பித்து ஜீன், செரின் என்று சுற்றிக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுமை போய்விட்டது. "சார், பெட்டி சூடாயிட்டே இருக்கு. இந்தப் பொண்ணுக்கு இன்னும் ஒரு நாள் குளிர்ச்சி வேணும், உங்களுக்குச் சாயங்காலம் வரைக்கும் ஒரு கை விசிறி போதும். தீசிஸ்ல நன்றி சொல்ற பக்கத்துல உங்க பேரு வரும்." அவர் நிதானமாக, "எத்தனாவது பேரு?" என்றார். கைடுக்கு அடுத்து என்றேன். முதல் என்றார். நான் விடவில்லை: பேர் இரண்டாவது, ஆனால் கொட்டை எழுத்தில். ரஹிமா என்னைப் பார்த்த பார்வையில் சிரிப்பும் அழுகையும் கலந்திருந்தது. பாஸ்கர் அவர் ஜன்னல் வழியாக ஒயரை மேலே இழுத்தான். பிரின்சிபால் சட்டையின் மேல் பட்டனைக் கழற்றிவிட்டு, ஒரு ஃபைலை எடுத்து விசிறிக்கொண்டே சொன்னார்: "கிருமியைக் கொல்லத்தான்மா என் பொண்டாட்டி மாசாமாசம் மருந்துக்குக் காசு கொடுக்கறா."

சோனி

அடுத்த நாள் காலை பெட்டியைத் திறக்க ரஹிமாவுக்குக் கை வரவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து துப்பட்டா முனையை முறுக்கிக்கொண்டிருந்தாள். துணிக்கடைக்காரரான அவள் அத்தா முதல் நாள் என் கடைக்கு வந்து, இந்தத் தடவையும் வராவிட்டால் பிள்ளையைத் திட்டாதீங்கம்மா, மறுபடி எங்கேயாவது சேர்த்துவிடுகிறேன் என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அதை நான் அவளிடம் சொல்லவில்லை. வரதராஜன் சார் வாய்க்குள் எதையோ முணுமுணுத்தார். நான் தெர்மாமீட்டரைப் பார்த்தேன், முப்பது. "பிஸ்மில்லா" என்று அவளே எழுந்து கதவைத் திறந்து ப்ளேட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள்.

ஒரு பாதியில் லால்குடிக்காரன், கேட்கவே வேண்டாம். மறு பாதியில் எனக்கு முதலில் ஒன்றும் தெரியவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தேன். கடுகை விடப் பொடியாக, வெளிறி, வரிசையாகப் புள்ளிகள். பாஸ்கர் அடுத்த அறைக்குப் போய் லால்குடிக்குப் போன் போட்டு, திங்கள்கிழமை இல்லை, இன்னைக்கே பெட்டி வருது என்றான். ரஹிமா ப்ளேட்டைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள், தூங்கி எழுந்த பிள்ளையைப் பார்க்கிற மாதிரி. அந்த வாரமே தீசிஸ் போய்ச் சேர்ந்தது. பிரின்சிபால் பேர் கொட்டை எழுத்தில். ஆனால் அன்றைக்கு அவள் என் பக்கம் திரும்பிச் சொன்னது இவ்வளவுதான்: "கலாக்கா, சோனி சாப்பிட்டிருக்கு."

மே மாசத் திருச்சியில் முப்பது டிகிரியையும் பேரம் பேசித்தான் வாங்க வேண்டியிருக்கிறது, அதற்கு மட்டும் இன்னும் யாரும் பில் போட்டுத் தருவதில்லை.